ஆளுநரின் தொப்பி வரும் விமானம்

கெல்சென்கிர்ச்சன்
9 பெப்ரவரி 2025

சுபானிக்கு,

உன் நம்பருக்கு எடுத்தால் மணி அடிக்காமலே நின்றுவிடுகிறது. கோயிலுக்கு வரும் இந்தியப் பிள்ளை ப்ரீத்தியின் போனில் இருந்து எடுத்துப் பார்த்தேன், நன்றாக அடித்தது. ஆகவே நீ அடைத்து வைத்திருப்பது என்னை மட்டும்தான். தபாற்காரனை அடைக்க உனக்கு ஏலாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

றெக்ஸ் மாமாவைப் பற்றித்தான். என்னோடு பேசாவிட்டாலும் என் தம்பியை நீ மறந்திருக்க மாட்டாய். கனடாவுக்கென்று ஏறிய படகு நடுக்கடலில் பழுதாகி, பிரித்தானியாவுக்குச் சொந்தமான மெரடித் தீவில் அவர்களைக் கொண்டுபோய் இறக்கி மூன்று வருடம் கடந்துவிட்டது. இன்னும் அதே கூடாரம், அதே வேலி, அதே எலி. இப்போது இதயத்தில் ஒரு வால்வு பழுதாம். போன ஞாயிறு போன் எடுத்தவர் ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கவில்லை. "டொக்டர் சொல்லிப்போட்டார் அக்கா, இஞ்ச வைச்சு ஒண்டும் செய்ய ஏலாதாம். வெளியில கொண்டுபோய் வெட்டி மாத்தினாத்தான் ஆள் தப்புமாம். கெதியாச் செய்யவேணுமாம்."

டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆளுநர் கையெழுத்து வைக்கவேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளுநரின் அலுவலகத்தில் மேசை போட்டு இருப்பது யார்? கேவெலார் மாதா திருவிழாவுக்கு வந்த சனம் முழுவதற்கும் நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தது யாரை?

மாமா கேட்டார்: "சுபானி அங்கதானே இருக்கிறாள்? அவள் ஒரு சொல்லுச் சொன்னாக் காணுமே." நான் ஓம் என்றேன். நீ என்னோடு பேசுவதில்லை என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. மூச்சு விட ஏலாத மனுசனுக்கு அதையும் ஏன் சொல்லவேண்டும்.

அம்மா


லண்டன்
17 பெப்ரவரி 2025

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்த விடயத்தைப் பற்றிப் போனில் எதுவும் அனுப்ப வேண்டாம். எழுதுவதானால் இந்த வீட்டு முகவரிக்கு எழுதுங்கோ.

ஆளுநர் என்றால் தீவில் ஒரு வெள்ளை மாளிகையில் இருப்பவர் என்று நினைத்திருப்பீர்கள். மக்கள் குடியிருக்கும் பிரித்தானிய ஆட்புலங்களில் அப்படித்தான். மெரடித்தில் படைத்தளமும் முகாமும் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால் அதன் ஆளுநர் லண்டனில், என் மேசைக்கு எதிர்க் கதவுக்குப் பின்னால் இருக்கிறார். இந்தப் பதவிக்கு யாரும் வாக்குப் போடுவதில்லை. அமைச்சு ஆளைத் தேடி எடுக்கிறது, அரசரின் பெயரில் நியமனம் வருகிறது. சில வருடம் இருப்பார், பிறகு வேறு நாட்டுக்குத் தூதுவராகவோ ஓய்வுக்கோ போவார். தீவுக்குச் சட்டம் எழுதுவது அவர். அதை மாற்றுவதும் அவர். அங்கே ஒருவர் கால் வைப்பதற்கும் அங்கிருந்து வெளியேறுவதற்கும் அவருடைய கையெழுத்து வேண்டும். அவர் அந்த மண்ணை ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு விமானம்தான். ஒரு மாதம் போய் அடுத்த மாத விமானத்தில் திரும்பினார். அலுப்பாக இருந்தது என்று சொன்னார்.

நான் அங்கே அதிகாரி அல்ல. அவருடைய சந்திப்பு நேரங்களை ஒழுங்கு செய்கிறேன். கோப்புகளை அடுக்குகிறேன். சடங்குக்கு அவர் போடும் வெள்ளைச் சிறகுத் தொப்பி ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது. அதில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்ப்பதும் என் வேலைதான்.

மாமாவின் விடயத்தில் நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. நான் உங்கள் மகள் என்றோ அவருடைய மருமகள் என்றோ யாருக்கும் சொல்ல வேண்டாம். இதை நன்றாக வாசியுங்கோ. யாருக்கும்.

சுபானி


கெல்சென்கிர்ச்சன்
26 பெப்ரவரி 2025

சுபானி,

நன்றாக வாசித்தேன். பஸ்சிலும் வாசித்தேன், வேலைக்குப் போய் உடுப்பு மாற்றும் அறையிலும் வாசித்தேன். தொப்பியில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்க்கிறாய். சந்தோசம். மாமாவின் நெஞ்சில் பிடித்தால் அது உன் பகுதி இல்லை.

என்னுடைய மகள் என்று சொல்ல உனக்கு வெட்கம். முதியோர் இல்லத்தில் கிழடுகளின் படுக்கை விரிப்புத் தோய்க்கிறவளுக்கும் அகதிப் படகில் போனவனுக்கும் நடுவில் உன் பெயர் வரக்கூடாது. அதை நேராக எழுதியிருக்கலாம். ஆளுநர் எப்படி நியமிக்கப்படுகிறார் என்ற பாடம் எனக்கு எதற்கு?

நீ எப்போதும் இப்படித்தான். அப்பாவின் ஆஸ்பத்திரி நினைவிருக்கிறதா? டொக்டர் சொல்லி முடிந்ததும், உன் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கி, உன் காதுக்குள், "வயித்துப்புண் எண்டு சொல்லு பிள்ளை" என்று சொன்னேன். நீ என் கையைத் தட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, "அப்பா, உங்களுக்குப் புற்றுநோய். இனி ஒண்டும் செய்ய ஏலாதாம்" என்றாய். பள்ளிக்கூட மேடையில் மனப்பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாய். குரல் நடுங்கவில்லை. அதற்குப் பிறகு உன் அப்பா மரியரட்ணம் சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் தொடவில்லை. இரண்டு கிழமையில் முடிந்தது. புற்றுநோய் கொல்ல இன்னும் கொஞ்சக் காலம் எடுத்திருக்கும். உன் வாய் எடுக்கவில்லை.

நீ ஒன்றும் செய்யவேண்டாம். ஒரு பெரிய மனுசனிடம் அலுவல் பார்ப்பது எப்படி என்று எனக்கும் தெரியும். மன்னாரில் ஆமிக்காரரின் சென்றித் தடையில் பிடித்து வைத்திருந்த உன் அப்பாவை வெளியில் எடுத்தது நான். அப்போது எனக்கு இங்கிலிசும் தெரியாது, சிங்களமும் தெரியாது.

அம்மா என்று போடவில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள்.

பிறேமா


லண்டன்
10 மார்ச் 2025

அம்மா,

எனக்கு அப்போது பதினொரு வயது. கணக்குப் பாடத்தில் இருந்தவளை வகுப்பு வாசலில் வந்து கூட்டிக்கொண்டு போனீர்கள். டொக்டர் உங்களையோ அப்பாவையோ பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, வளர்ந்த ஆளிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் ஜேர்மன் படிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பிள்ளையைப் படிப்பித்தீர்கள். வாடகை வீட்டுக்காரனிடம் கெஞ்சவும் நான், சமூக உதவி அலுவலகத்தில் ஏச்சு வாங்கவும் நான், அப்பாவுக்குச் சாவைச் சொல்லவும் நான். அதில் கடைசி அலுவலை மட்டும் பிழையாகச் செய்துவிட்டேன் என்று இருபது வருடமாகச் சொல்கிறீர்கள்.

அன்றைக்கு நீங்கள் கோப்பி எடுக்க வெளியே போனபோது அப்பா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லகாலம் நீ சொன்னாய். கொம்மா எண்டா என்னைப் புண்ணோடையே புதைச்சிருப்பாள்." சிரித்தார். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். இவ்வளவு காலம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு வலிக்கவேண்டும்.

இன்னொன்று. மாமா இந்த ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால், உடுப்பைக் கட்டி வைக்கச் சொல்லுங்கோ. ஏன் என்று அவரும் கேட்க வேண்டாம், நீங்களும் கேட்க வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கோ.

சுபானி


கெல்சென்கிர்ச்சன்
16 மார்ச் 2025

சுபானி,

கிழிக்கவில்லை. கிழிக்க ஏன் வேண்டும், நான் களவா எடுத்தேன்?

அப்பா சொன்னதாக நீ எழுதியதை ஒரு பக்கத்தில் வைக்கிறேன். இன்றைக்கு நான் சந்தோசமாக இருக்கிறேன், அதைக் கெடுக்க உன்னை விடமாட்டேன். மாமாவிடம் சொல்லிவிட்டேன். "கட்ட என்ன அக்கா இருக்கு? ஒரு சாரம், ஒரு செபமாலை. மூச்சைத்தான் கட்டி வைக்கவேணும்" என்றார். அவர் பகிடி விட்டு எத்தனை காலம்.

நீ ஏன் கேட்க வேண்டாம் என்கிறாய் என்று எனக்கு விளங்கிவிட்டது. என் கடிதம் உங்கள் ஆளுநரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அது வேலை செய்தது நான் எழுதியதால் என்று ஒத்துக்கொள்ள உனக்கு மனம் இல்லை.

ஓம், எழுதினேன். உன் முதல் கடிதம் வந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து ப்ரீத்தியைப் பிடித்தேன். அவள் நல்ல இங்கிலிசில், ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் எழுதினாள். கடைசியில் நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எனது ஒரே மகள் சுபானி மரியரட்ணம் தங்களுடைய சொந்த அலுவலகத்திலேயே தங்களுக்குச் சேவை செய்கிறாள், நோயாளி அவளுடைய தாய்மாமன், எங்கள் குடும்பத்தைத் தாங்கள் அந்நியராக நினைக்க வேண்டாம் என்று.

ப்ரீத்தி பேனாவை வைத்துவிட்டாள். "ஆன்ட்டி, இந்த லைன் வேணுமா? அவங்களுக்கு ஆபீஸ்ல ஏதாவது பிராப்ளம் ஆயிடப் போகுது."

"பிள்ளை, ஆள் தெரிஞ்சாத்தான் அலுவல் நடக்கும். உங்கட ஊரில மட்டும் என்ன, சும்மாவே நடக்குது?"

"அது சரிதான் ஆன்ட்டி, ஆனா இது லண்டன்."

"லண்டனில இருக்கிறதும் மனுசர்தானே."

எழுதினாள். பதிவுத் தபாலில் போட்டேன். நீ வெட்கப்பட்டு மறைத்ததை நான் வெட்கப்படாமல் எழுதினேன், அலுவல் நடந்தது. மாமா அங்கிருந்து வெளிக்கிட்டதும் ஒரு வரி போடு. அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா


லண்டன்
25 மார்ச் 2025

அம்மா,

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

ஆளுநருடைய பதவிக்காலம் இம்மாதம் முடிகிறது. போகிறவர் மேசையில் கிடக்கும் சில்லறைக் கோப்புகளை ஒரே இருப்பில் ஒப்பமிட்டுவிட்டுப் போவது வழக்கம். வேலியைத் திருத்துதல், மீன்பிடி அனுமதி, படகுத்துறைக்கு எரிபொருள். நோயாளியை வெளியே கொண்டுபோவதும் அப்படியான ஒரு கோப்புத்தான், டொக்டரின் கடிதம் இருந்தால். நான் மாமாவின் கோப்பை எரிபொருளுக்கும் மீனுக்கும் இடையில் வைத்தேன். அவர் என் உறவினர் என்று அலுவலகத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவித்தால் கோப்பு என் கையை விட்டுப் போய்விடும், யாருடைய கைக்குப் போகும் என்று தெரியாது. அதனால் அறிவிக்கவில்லை. உங்களுக்கு ஒன்றும் செய்யமாட்டேன் என்று எழுதியதும் அதனால்தான். அப்படியான ஒன்றை நான் எழுத்தில் வைக்க முடியுமா?

14ஆம் திகதி வெள்ளிக்கிழமை ஆளுநர் ஒப்பமிட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "பாவம், இந்த ஆள் முதலிலேயே போயிருக்கலாமே" என்று சொன்னார். மாமாவுக்கு இம்மாதக் கடைசி விமானத்தில் இருக்கை பதிவானது.

17ஆம் திகதி திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது.

அவர் நல்ல மனுசர். கதவைச் சாத்திவிட்டு, "இது உண்மையா, சுபானி?" என்று கேட்டார். ஓம் என்றேன். மாலைக்குள் சட்டப் பிரிவு வந்துவிட்டது. ஒப்பம் மீளப்பெறப்பட்டது. இருக்கை நீக்கப்பட்டது. என்னைக் கோப்புகளில் இருந்து எடுத்து, விசாரணை முடியும்வரை தொப்பியோடு விட்டிருக்கிறார்கள்.

விசாரணையில் உள்ள கோப்பை இவர் இனித் தொட முடியாது. புது ஆளுநர் வந்து மீண்டும் முடிவெடுக்கலாம். ஆனால் சத்தியப்பிரமாணம் எடுக்காதவர் ஆளுநர் அல்ல. அதை லண்டனிலேயே ஒரு நீதிபதிக்கு முன்னால், தேநீர் ஆறுவதற்குள் எடுத்துவிடலாம். இப்போதிருப்பவர் அப்படித்தான் எடுத்தார். புதியவர் தீவிலேயே, கொடிக்குக் கீழே, தொப்பியோடு எடுக்க விரும்புகிறார். படம் நன்றாக வரும். அடுத்த மாத விமானம் ஏப்ரல் கடைசியில்தான். அதுவரை அவருடைய இடத்தில் தற்காலிகமாக ஒரு பதில் ஆளுநர் இருப்பார். அவர் அன்றாட அலுவல்களைப் பார்ப்பார், சிக்கலான கோப்பைத் தொடமாட்டார். அது எழுதாத வழக்கம். யாரும் மீறுவதில்லை.

நீங்கள் எழுதும்வரைக்கும் மாமாவின் கோப்பு அன்றாட அலுவல்.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன். நன்றாக வாசியுங்கோ என்றும் எழுதினேன். உங்களுக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே மொழியில்தான் எழுதினேன்.

சுபானி


கெல்சென்கிர்ச்சன்
8 ஏப்ரல் 2025

என்ர பிள்ளைக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது. இதில் உன்னோடு சண்டை இல்லை.

நேற்று மாமா எடுத்தார். கால் இரண்டும் வீங்கிவிட்டதாம். படுத்தால் மூச்சு வராது, இருந்தபடி நித்திரை கொள்கிறார். "அக்கா, இஞ்ச ஒரே கொண்டாட்டம். ஆளுநரின்ர தொப்பி பிளேனில வருதாம். முகாமில ஏலக்கூடிய ஆக்களை எல்லாம் இறங்குதுறை கூட்டச் சொல்லி விட்டிருக்கினம். கல்லுக்கு வெள்ளையும் அடிக்கினம். நானும் போனனான். நாலு தரம் கூட்டிப்போட்டு இருந்திட்டன்." நான் அழுதேன். "ஏன் அக்கா அழுகிறாய்? தொப்பி வந்தா அதுக்குக் கீழ ஒரு தலையும் வரும்தானே. அது கையெழுத்துப் போடும்" என்றார்.

சுபானி, நான் ஒன்று யோசித்தேன். நீ என் மகள் என்றபடியால்தானே தடை. நீ என் மகள் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்? இங்கே பத்திரம் எழுதும் ஒரு நோட்டாரிடம் டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போனேன். தனியே போனேன், என் ஜேர்மனோடு. இரண்டு தரம் சொன்னபின் அந்த மனுசிக்கு விளங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வளர்ந்த பிள்ளையை அப்படி விலக்கிவிடச் சட்டத்தில் இடமில்லை என்றாள். நான் சும்மா ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பினால் உங்கள் ஆட்கள் எடுப்பார்களா? முன்னுக்கு எழுதியது பொய், ஏதோ ஒரு பிள்ளையின் பெயரைக் கேள்விப்பட்டு எழுதினேன் என்று எழுதட்டோ? பொய் சொன்ன கிழவி என்று என்னைப் பிடித்தால் பிடிக்கட்டும்.

அந்தப் பதில் ஆளுநரிடம் நீ ஒருமுறை நேரே கேள். தொப்பியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாட்டில் கேள். நீ கேட்டால் நேராகக் கேட்பாய். அப்பா சொன்னது சரி, நீ சொன்னது நல்லதுதான்.

அம்மா


ஆளுநர் அலுவலகம், மெரடித் தீவு ஆட்புலம்
லண்டன்
30 ஏப்ரல் 2025

மதிப்புக்குரிய திருமதி பிறேமா மரியரட்ணம் அவர்களுக்கு,

தங்கள் சகோதரர் திரு. றெக்ஸ் அவர்கள் ஏப்ரல் 24ஆம் திகதி காலை தீவின் மருத்துவ நிலையத்தில் இயற்கைக் காரணத்தால் காலமானார் என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம். மருத்துவர் உடனிருந்தார்.

புதிய ஆளுநர் ஏப்ரல் 26ஆம் திகதி தீவில் சத்தியப்பிரமாணம் செய்து பதவியேற்றார். அவர் பதவியில் ஒப்பமிட்ட முதல் ஆவணம், தங்கள் சகோதரரின் உடலைத் தீவிலிருந்து வெளியே கொண்டுசெல்வதற்கான அனுமதியாகும். ஆளுநரையும் அவருடைய சடங்குப் பொருட்களையும் ஏற்றிவந்த விமானம் திரும்பும்போது உடல் அதில் ஏற்றப்பட்டது. இடம் இருந்தது. தாங்கள் விரும்பினால் அது ஜேர்மனிக்கு அனுப்பப்படும்.

இணைத்துள்ள தாளில் உள்ள கேள்விகளுக்குப் பதிலளித்து ஒப்பமிட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

திரு. றெக்ஸ் அவர்களின் விடயம் முடிவடைந்துவிட்டதால், அதில் இந்த அலுவலக உத்தியோகத்தர் எவருக்கும் தனிப்பட்ட அக்கறை இருக்க இனிக் காரணமில்லை என்று சட்டப் பிரிவு கருதுகிறது. எனவே இக்கோப்பு கீழே ஒப்பமிடுபவரிடம் மீண்டும் கையளிக்கப்பட்டுள்ளது. குடும்பத்தினருக்கு அவர்களுடைய மொழியிலேயே அறிவிப்பது கனிவான செயலாக இருக்கும் என்று ஆளுநர் கருதியதால், இக்கடிதத்தைத் தமிழில் எழுதும்படி அவர் பணித்தார்.

ஆளுநருக்காக,
சுபானி மரியரட்ணம்


கெல்சென்கிர்ச்சன்
19 மே 2025

மதிப்புக்குரிய சுபானி மரியரட்ணம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நின்றபடியே வாசித்தேன். தமிழ் நன்றாக இருந்தது. சனிக்கிழமைகளில் அழ அழ இழுத்துக்கொண்டு போய்த் தமிழ்ப் பாடசாலையில் விட்டது வீண்போகவில்லை. எங்கேயும் குரல் நடுங்கவில்லை.

பெட்டி வந்து சேர்ந்தது. உயிரோடு இங்கே வர அவருக்கு எந்த நாடும் ஒரு தாள் கொடுக்கவில்லை. இந்த முறை தாள் எல்லாம் சரியாக இருந்ததாம். இங்கிருந்த அலுவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அல்லெஸ் இன் ஓர்ட்நுங்" என்றார். எல்லாம் ஒழுங்கு என்று. அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அடக்கம். பாதர் பூசை வைத்தார். ப்ரீத்தி வந்து கடைசி வாங்குப் பலகையில் இருந்து அழுதாள், நான் பக்கத்தில் போகவில்லை. செபமாலையைக் கையில் சுற்றித்தான் அனுப்பியிருந்தார்கள். விரல் நகத்துக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு இருந்தது. கழுவவில்லை.

தாங்கள் அனுப்பிய தாளை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். உடலைப் பெற்றுக்கொண்டவர் யார், இறந்தவருக்கு என்ன உறவு என்ற கேள்விகளுக்கு என் பெயரையும் சகோதரி என்றும் எழுதினேன். கடைசிக் கேள்வி, இறந்தவருக்கு ஐக்கிய இராச்சியத்தில் உறவினர் எவராவது உண்டா என்பது.

இல்லை என்று எழுதியிருக்கிறேன். தாங்கள் முதலில் கேட்டுக்கொண்டபடியே.

இப்படிக்கு,
பிறேமா மரியரட்ணம்